கடை ஊழியருக்குப் பல மொழிப் பயிற்சித் தளம்: அமைக்கும் முறையும் கவனிக்க வேண்டியவையும்



ஒரு காலத்தில் கடைப் பையன் என்றால் சொந்த ஊர்ப் பையன், அல்லது பக்கத்து ஊர்ப் பையன். முதலாளி சொல்வதைக் கேட்டு, மூத்த கணக்கப்பிள்ளை செய்வதைப் பார்த்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் தொழிலைக் கற்றுக்கொள்வான். இன்று நம் மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் கிடங்குகளிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம் எனப் பல மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களின் உழைப்பில் நாம் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் மொழி நம்மிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை. சைகையிலும் அரைகுறைச் சொற்களிலும் காலம் ஓடுகிறது.

சரக்கு இறக்குவதற்குச் சைகை போதும். உணவுப் பாதுகாப்பு, எடையளவுச் சட்டம், விலைச்சீட்டு, காலாவதித் தேதி ஆகியவற்றுக்குச் சைகை போதாது. தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஊழியர் அல்லர், உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே.

நமக்குத் தெரிந்த ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறோம். ஊழியர்களுக்காகப் பொருள்களின் பெயர்களை இந்தியில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கணினியில் தமிழைக் கொடுத்து இந்தியை வாங்கி, யாரிடமும் காட்டாமல் அப்படியே அச்சிட்ட தாள் அது. ஒரு நாள் ஓர் அம்மா வந்து, தம் குழந்தைக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, ஓர் உருண்டைப் பாக்கெட்டைக் காட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஊழியர் சுவரைப் பார்த்து ‘சனா’ என்றார். சனா என்றால் கொண்டைக்கடலை. பாக்கெட்டில் இருந்ததோ நிலக்கடலை. நல்லவேளையாக அந்த அம்மா பாக்கெட்டின் பின்புறத்தைத் தாமே படித்துப் பார்த்து வைத்துவிட்டார். அவர் படிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே பாடத்தைத் தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழிகளில் கைபேசியிலேயே படிக்கும்படி ஓர் இணையப் பயிற்சித் தளம் அமைப்பது இன்று பெரிய வேலையன்று. ஒரு சங்கமோ, நாலைந்து கடை வைத்திருக்கும் ஒரு நிறுவனமோ செய்துகொள்ளலாம். மொழிமாற்றத்துக்கென்றே பிளக்-இன் எனப்படும் துணை நிரல்கள் உள்ளன. ஆனால் நிரலை வாங்கிப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணினால் அந்தச் சுவர்த்தாளின் கதைதான் மீண்டும் நடக்கும். எனவே அமைக்கும் முறையையும், நம் பொறுப்பில் நிற்கும் வேலையையும் சேர்த்தே பார்ப்போம்.

1. முதலில் தமிழ்ப் பாடம் சரியாக இருக்கட்டும்

மூலம் குழம்பினால் மூன்று மொழியும் குழம்பும். எனவே தளத்தைத் தொடும் முன் பாடத்தைச் சீர்செய்ய வேண்டும்.

நம்மில் பலரிடம் பழைய பயிற்சிக் குறிப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எந்த மொழிபெயர்ப்பு நிரலும் அவற்றைப் படிக்காது. முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை முழுவதும் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, வாக்கியங்களைச் சிறியதாக்க வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு கட்டளை என்று வைத்துக்கொண்டால் போதும். ‘சரக்கு வந்ததும் பெட்டியின் தேதியைப் பார்க்கவும். தேதி கடந்திருந்தால் இறக்க வேண்டாம்’ என்று எழுதினால் இயந்திரமும் பிழை செய்வது குறையும், படிப்பவருக்கும் விளங்கும்.

நாள் குறிப்பிடும் இடத்தில் தேதியையே எழுத வேண்டும். இந்தியில் ‘கல்’ என்ற ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். முழு வாக்கியத்தில் வினைச்சொல்லை வைத்துப் பொருள் தெரிந்துவிடும். ஆனால் அட்டவணையின் தலைப்பில் ‘நேற்று’, ‘நாளை’ என்று தனியாக நின்றால் இரண்டும் ‘கல்’ ஆகிவிடும். நேற்று வந்த சரக்கும் நாளை வரும் சரக்கும் ஒன்றாகிவிட்டால் இருப்புக் கணக்கு என்னவாகும்?

படத்துக்குள் எழுதிய எழுத்தை நிரல் மாற்றாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எனவே படத்தில் எழுத்தே வேண்டாம். படத்தின் கீழே தனியாக எழுதுவதே சரி.

2. தளத்தின் அடிப்படை

தளத்துக்கு ஒரு பெயர், அதை வைத்திருக்க வாடகைக் கணினி இடம், பக்கங்களை நடத்தும் ஒரு மென்பொருள், பாடம் நடத்தும் ஒரு நிரல், மொழிமாற்றும் ஒரு நிரல் என ஐந்து பொருள்கள் தேவை. இடத்தையும் பெயரையும் ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். தளம் அமைத்துத் தருபவரின் பெயரில் பதிந்துவிட்டுப் பிறகு அலைய வேண்டாம்.

பக்கங்களை நடத்த வேர்டுபிரஸ் என்ற மென்பொருள் போதும். 2003ஆம் ஆண்டு வெளிவந்த இது இலவசமானது. உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. எனவே வேலை தெரிந்த பையன்கள் எந்த ஊரிலும் கிடைப்பார்கள்.

பாடம், தேர்வு, மதிப்பெண், சான்றிதழ் ஆகியவற்றை நடத்த லேர்ன்டேஷ், டியூட்டர் எல்எம்எஸ், லிஃப்டர் எல்எம்எஸ் போன்ற நிரல்கள் உண்டு. முதலாவது கட்டணம் உள்ளது. மற்ற இரண்டும் அடிப்படை அளவில் இலவசம். வேர்டுபிரஸ் வேண்டாம், கல்விக்கென்றே ஏற்பட்ட மென்பொருள் வேண்டும் என்பவர்கள் 2002இல் வெளிவந்த மூடுல் என்ற இலவச மென்பொருளைப் பார்க்கலாம். நம் அளவுக்கு வேர்டுபிரஸே எளிது.

3. மொழிபெயர்ப்பு நிரல்: மூன்று வகை

கடைக்குப் பூட்டு வாங்கும்போது எந்தக் கதவுக்கு என்று பார்த்துத்தானே வாங்குகிறோம்? மொழிமாற்று நிரலும் அப்படியே. இவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பக்கம் உண்டாக்குவது. டபிள்யூபிஎம்எல், பாலிலாங் ஆகியவை இவ்வகை. ஒவ்வொரு பொருளுக்கும் மொழிவாரியாகத் தனிப் பேரேடு வைப்பதற்கு ஒப்பானது. ஒழுங்கு மிகும், வேலையும் மிகும். டபிள்யூபிஎம்எல்லுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. பாலிலாங்கின் இலவசப் பதிப்பிலேயே எத்தனை மொழியும் சேர்க்கலாம்.

இரண்டாம் வகை, பக்கம் ஒன்றாகவே இருக்க, அதிலுள்ள வாக்கியங்களுக்கு மட்டும் வேற்றுமொழி வாக்கியங்களைச் சேர்த்து வைப்பது. டிரான்ஸ்லேட்பிரஸ் இவ்வகை. பக்கத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே வாக்கியத்தைத் தொட்டு மொழிபெயர்ப்பைத் திருத்தலாம். கணினி அதிகம் தெரியாத நம் போன்றோருக்கு இது வசதி. திருத்தங்கள் யாவும் நம் தளத்திலேயே இருக்கும். இலவசப் பதிப்பில் மூலமொழி தவிர இன்னும் ஒரு மொழி சேர்க்கலாம், அதற்கு மேல் கட்டணம்.

மூன்றாம் வகை, மொழிபெயர்ப்பை வெளி நிறுவனத்தின் கணினியில் வைத்து நமக்கு வழங்குவது. வெக்லாட் இவ்வகை. பொருத்திய அன்றே தளம் பல மொழியில் தெரியும். சொற்களின் எண்ணிக்கையையும் மொழிகளின் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டணம். மொழிபெயர்ப்பு அங்கே இருப்பதால் சந்தா நின்றால் வேற்றுமொழிப் பக்கங்களும் நின்றுவிடும். வாடகைக் கடை போன்றது இது. அவசரத்துக்கு நல்லது, நெடுநாளுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதல் வகையில் தமிழ்ப் பாடம் ஒரு பக்கம், இந்திப் பாடம் வேறு பக்கம். ஓர் ஊழியர் இந்தியில் ஐந்து பாடம் முடித்துவிட்டுத் தமிழுக்கு மாறினால், அந்த ஐந்தும் படிக்காததாகவே காட்டக்கூடும். இரண்டாம் மூன்றாம் வகைகளில் பக்கம் ஒன்றே என்பதால் முடித்த கணக்கு எந்த மொழியிலும் ஒன்றாகவே நிற்கும். நம் ஊழியர்களில் பலர் இந்தியில் தொடங்கித் தமிழுக்கு வர விரும்புகிறவர்கள். ஒரு பத்தியை இந்தியில் படித்து, அதையே தமிழில் படித்து மொழியும் கற்றுக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டாம் வகையே ஏற்றது என்பது நம் கருத்து.

4. சொல்லேடு: நம் கையில் இருக்க வேண்டிய முதல்

இயந்திரத்துக்கு ஊர் மொழி தெரியும், கடை மொழி தெரியாது. கடலை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கடலை எண்ணெய், கடலை மிட்டாய் என்றால் நிலக்கடலை. கடலை மாவு, கடலைப் பருப்பு என்றால் கொண்டைக்கடலை. பொட்டுக்கடலை வறுத்து உடைத்தது. இவை போதாதென்று, ‘கடலைப் பார்த்தேன்’ என்றால் சமுத்திரம்! நம் வீட்டுக் குழந்தை இவற்றைப் பிரித்தறியும். இயந்திரம் சில நேரம் அறியும், சில நேரம் அறியாது. எப்போது அறியவில்லை என்பதை அது நமக்குச் சொல்லாது.

நிலக்கடலை ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களில் ஒன்று என்பதால், அது கலந்திருப்பதை உறையில் அறிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விவரச்சீட்டு விதிகள் கூறுகின்றன. உறையில் சரியாக இருந்து, நம் பாடத்தில் தவறாக இருந்தால் அது நம் குற்றம்.

இதே போன்ற சொற்கள் இன்னும் பல. ‘கழிவு’ நமக்குத் தள்ளுபடி, இயந்திரத்துக்குக் குப்பை. ‘வரி’ நமக்கு அரசுக்குக் கட்டுவது, அதற்கு எழுத்தின் வரியாகவும் படலாம். ‘படி’ நமக்கு அளவு, அதற்கு வாசிப்பதாகவோ மாடிப்படியாகவோ தோன்றலாம். ‘பற்று’ நமக்குக் கணக்கு, அதற்கு அன்பு. ‘பட்டியல்’ நமக்கு விலைச்சீட்டு, அதற்கு வெறும் வரிசை.

காலாவதித் தேதியில் இன்னும் கவனம் வேண்டும். உறையில் ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ என்ற தேதி கடந்த பொருளை விற்கவே கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரம் முழுமையாக நிற்கும் காலத்தைக் குறிப்பது. இரண்டையும் ஒரே இந்திச் சொல்லால் எழுதிவிட்டால் ஊழியருக்கு வேறுபாடு தெரியாமல் போகும்.

ஆகவே தளம் தொடங்கும் முன்பே ஒரு சொல்லேடு தயாரிக்க வேண்டும். ஒரு பக்கம் நம் கடைச்சொல், எதிரே இந்திச்சொல், அடுத்து ஆங்கிலச்சொல். நிலக்கடலை என்றால் மூங்பலி, கொண்டைக்கடலை என்றால் சனா, கடலைப் பருப்பு என்றால் சனா தால், கடலை மாவு என்றால் பேசன், மிளகு என்றால் காலி மிர்ச், மிளகாய் என்றால் மிர்ச், சோம்பு என்றால் சோன்ப், சீரகம் என்றால் ஜீரா. 200 சொற்கள் இருந்தால் மளிகைத் தொழிலுக்குப் பெரும்பாலும் போதும். டபிள்யூபிஎம்எல், வெக்லாட் ஆகியவற்றில் இந்தச் சொல்லேட்டை நிரலுக்குள்ளேயே ஏற்றிவிடலாம். மற்றவற்றில் சரிபார்ப்பவர் கையில் தாளாக இருக்கட்டும். தமிழ் மூலத்திலும் ‘கடலை’ என்று வெறுமனே எழுதாமல் ‘நிலக்கடலை’ என்றே எழுதிவிட்டால் பாதிப் பிழை முளையிலேயே போய்விடும்.

5. தேர்வும் சான்றிதழும்

பாடத்தில் ஒரு சொல் பிழையானால் சுற்றியுள்ள வாக்கியம் காப்பாற்றும். தேர்வுக் கேள்வியில் ஒரு சொல் பிழையானால் சரியான விடை தவறாகிவிடும். எனவே கேள்விகளையும் விடைகளையும் இயந்திரத்திடம் விடாமல், மொழி தெரிந்தவரைக் கொண்டே எழுதுவிக்க வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளும் வேண்டாம். இந்தியில் எழுதும் விடையைத் தமிழ் விடையோடு ஒப்பிட்டு நிரல் தவறு போட்டுவிடும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையே நலம்.

பெயர்களில் எச்சரிக்கை வேண்டும். தானாக மொழிபெயர்க்கும் நிரல் பக்கத்தில் கண்டதையெல்லாம் மாற்றப் பார்க்கும். செல்வம் என்ற ஊழியரின் பெயர் இந்தியில் ‘தன்’ என்று, அதாவது பணம் என்று மாறிவிடலாம். பெயர் வரும் இடங்களை மொழிபெயர்க்கக் கூடாது என்று குறித்து வைக்கும் வசதி டிரான்ஸ்லேட்பிரஸ், வெக்லாட் இரண்டிலும் உண்டு. அதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

சான்றிதழைக் கோப்பாக்கித் தரும் சில நிரல்களில் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், இந்தியின் கூட்டெழுத்து உடைந்துவிடும். ‘கொ’, ‘பெ’, ‘ணை’ போன்ற எழுத்துகள் வரும் பெயரைக் கொடுத்து ஒரு சான்றிதழை அச்செடுத்துப் பார்த்த பிறகே தளத்தைத் திறக்க வேண்டும். தம் பெயர் உடைந்து நிற்கும் சான்றிதழை எந்த ஊழியர்தான் பெருமையுடன் ஊருக்கு எடுத்துச் செல்வார்?

6. மொழி மாற்றும் பொத்தான்

பல தளங்களில் மொழிக்குக் கொடிப்படம் வைக்கிறார்கள். நம் நாட்டில் அது பயன்படாது. தமிழுக்கும் இந்திக்கும் கொடி ஒன்றே. எனவே ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதி, பக்கத்தின் மேற்புறத்தில், கைபேசியில் விரலுக்கு எட்டும்படி வைக்க வேண்டும். ஊழியரின் கைபேசி ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதற்காகத் தளம் தானே ஆங்கிலத்துக்குத் தாவும்படி வைக்க வேண்டாம். அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

‘அடுத்த பாடம்’, ‘விடையை அனுப்புக’ போன்ற பொத்தான் சொற்கள் பாடம் நடத்தும் நிரலிலிருந்து வருபவை. முதல் வகை நிரலை எடுத்துக்கொண்டவர்கள் இவற்றைத் தனியே மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். லோகோ டிரான்ஸ்லேட் என்ற இலவச நிரல் அதற்கு உதவும்.

எழுத்து வேகமாகப் படிக்க வராத ஊழியர்களும் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு மூன்று நிமிட ஒலிப்பதிவு சேர்த்தால் அவர்களும் விட்டுப்போக மாட்டார்கள். நம் கடையிலேயே நன்றாகப் பேசும் ஓர் ஊழியரை வாசிக்கச் சொல்லலாம்.

7. சட்டம் மாறும்போது

தளம் திறப்பதைவிடக் கடினமானது அதைப் புதிதாக வைத்திருப்பது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் மாறின. 12 சதவீதத்தில் இருந்த பொருள்களில் பல 5 சதவீதத்துக்கு வந்தன. தமிழ்ப் பாடத்தைத் திருத்தியவர் இந்தியை மறந்திருந்தால், ஒரே கடையில் ஒருவர் 5 என்றும் மற்றவர் 12 என்றும் படித்துக்கொண்டிருப்பார்.

டபிள்யூபிஎம்எல்லில் மூலம் மாறினால் மொழிபெயர்ப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்ற அடையாளம் காட்டும். டிரான்ஸ்லேட்பிரஸில் மூல வாக்கியம் மாறினால் அது புதிய வாக்கியமாகிவிடும். பழைய திருத்தம் ஒட்டாது, மீண்டும் சரிபார்க்க வேண்டும். எந்த நிரலானாலும் நம் கையில் ஒரு பதிவேடு இருக்கட்டும். பாடத்தின் பெயர், தமிழில் திருத்திய தேதி, இந்தியில் திருத்திய தேதி, ஆங்கிலத்தில் திருத்திய தேதி, சரிபார்த்தவர் கையெழுத்து. தேதிகள் ஒத்துவராத பாடத்தை ஒத்துவரும் வரை மூடி வைக்க வேண்டும்.

8. வேலைக் கணக்கு

20 பாடம், பாடத்துக்கு 500 சொல் என்றால் 10,000 சொல். பாடத்துக்கு 5 கேள்வி, கேள்விக்கு விடைகளோடு 30 சொல் என்றால் 3,000 சொல். ஆக 13,000. இரண்டு மொழிக்கு 26,000 சொல். சொற்கணக்கில் கட்டணம் வாங்கும் நிறுவனத்திடம் இந்த 26,000ஐச் சொல்லியே விலை கேட்க வேண்டும்.

சரிபார்ப்பவர் மணிக்கு 500 சொல் பார்க்கிறார் என்று வைத்தால் 52 மணி நேரம். நாளொன்றுக்கு இரண்டு மணி என்றால் 26 நாள். இந்த 26 நாளுக்கு உரிய ஊதியத்தைத் திட்டத்தில் முதலிலேயே ஒதுக்க வேண்டும். நிரலுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, சரிபார்ப்பதை ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று விடுவதே வழக்கமாக நடக்கும் தவறு.

சரிபார்க்க இருவர் வேண்டும். ஒருவர் மொழி தெரிந்தவர், மற்றவர் தொழில் தெரிந்தவர். நம் கடையிலேயே பத்தாண்டு வேலை செய்து தமிழும் பேசும் வடமாநில ஊழியர் ஒருவர் இருந்தால் அவரைவிடத் தகுந்தவர் கிடைக்கமாட்டார். அவருக்கு உரிய ஊதியத்தையும், பாடத்தில் அவர் பெயரையும் கொடுப்பது நம் கடமை.

முதலில் 20 பாடமும் வேண்டாம். உணவுப் பாதுகாப்பில் மூன்று பாடம், எடையளவில் இரண்டு பாடம் என ஐந்தை மட்டும் வைத்து, ஐந்தாறு ஊழியர்களைப் படிக்கச் செய்து பார்க்கலாம். படித்து முடித்தவரைக் கூப்பிட்டு, ‘மின்னணுத் தராசுக்கு எத்தனை காலத்துக்கு ஒரு முறை முத்திரை வைக்க வேண்டும்?’ என்று கேட்க வேண்டும். ‘ஆண்டுக்கு ஒரு முறை’ என்று அவர் மொழியில் தடுமாறாமல் சொன்னால் மொழிபெயர்ப்பு தேறியது. சொல்லாவிட்டால் ஊழியரைக் கடியாமல் பாடத்தைத் திருத்த வேண்டும்.

சரக்கை அனுப்புமுன் எடை போட்டுப் பார்ப்பது நம் தொழில் தர்மம். சொல்லும் நாம் அனுப்பும் சரக்குத்தான். இயந்திரம் மூட்டை கட்டித் தரும், லாரியில் ஏற்றியும் தரும். எடை சரிதானா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் நாமே. உறுப்பினர்கள் தங்கள் கடைகளில் வழங்கும் கடைச்சொற்களை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், 200 சொல் கொண்ட பொதுச் சொல்லேடு ஒன்றை நாம் எல்லோரும் சேர்ந்தே தயாரித்துக்கொள்ளலாம். முதல் சொல்லாகக் கடலையை எழுதித் தொடங்குவோம்.